முஆதின் காலில் குறையில்லை

கராமா, துபாய்
வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பிறகு

அன்பு மகள் பாஹிமாவுக்கு வாப்பா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் காவலில் இங்கே நான் சுகம், ஊரில் உன் உம்மாவும் சுகம், கனடாக் குளிரில் நீயும் மாப்பிள்ளை சித்தீக்கும் பேரன் முஆதும் சுகமாக இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். உம்மாவுக்குக் கண் ஆபரேஷன் முடிந்து மூன்று வாரமாகிறது, சொட்டு மருந்தை நேரத்துக்கு விடுவதில்லை, நான் போனில் கடிந்துகொண்டால் உங்க சத்தத்துலதான் எனக்கு பிரஷர் ஏறுது என்கிறாள், நீ ஒரு வார்த்தை சொல். என் ரூமுக்குப் புதிதாக வந்திருக்கும் செய்கு முகம்மது நல்ல மனுஷர், குவைத்தில் ஃபஹாஹீலில் பதினைந்து வருஷம் கடை வைத்திருந்தவர், மீன் ஆணம் நன்றாக வைக்கிறார், அதனால் என் சாப்பாட்டைப் பற்றிக் கவலைப்படாதே. போனில் பேசாமல் எதற்கு இந்தக் காகிதம் என்று யோசிப்பாய். போன் வந்தால் நீ ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாய், முஆத் பக்கத்திலேயே நிற்கிறான், அவனை வைத்துக்கொண்டு இதை என்னால் பேச முடியாது. அவனுக்குத் தமிழ் படிக்க வரவில்லையே என்று எத்தனையோ நாள் வருத்தப்பட்டிருக்கிறேன், இன்றைக்கு அதுவே எனக்குத் தோதாகிவிட்டது. எழுதி முடித்ததும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடுகிறேன், தனியாக இருக்கும்போது படி.

போன வாரம் நீ அனுப்பிய வீடியோவையும் அதன் கீழே எழுதியிருந்ததையும் பார்த்தேன். முஆதுக்குக் கணுக்கால் பலம் போதவில்லை, வேறு விளையாட்டில் சேர்த்தால் நல்லது என்று கோச் சொல்லிவிட்டார் என்றும், இந்த மாதத்தோடு ஐஸ் ஹாக்கியை நிறுத்திவிடலாம் என்று சித்தீக் சொல்கிறார் என்றும், எலும்பு டாக்டரிடம் தேதி வாங்கியிருப்பதாகவும் எழுதியிருந்தாய். அதையெல்லாம் கூடத் தாங்கிக்கொண்டேன். என் கால் வீக் உம்மா, எல்லாருக்கும் இருக்குற மாதிரி இல்ல என்று பிள்ளையே உன்னிடம் சொன்னான் என்று கடைசியில் எழுதியிருந்தாயே, அதைப் படித்த பிறகு எனக்கு டூட்டியில் கை ஓடவில்லை. எட்டு வயதுப் பிள்ளை தன் கால் குறைப்பட்ட கால் என்று நம்பிவிட்டால் பிறகு எந்த டாக்டர் அதை எடுத்துப் போடுவார்?

வீடியோவில் எல்லாரும் அவன் கணுக்கால் உள்பக்கமாகச் சரிவதைப் பார்த்திருப்பீர்கள். நான் குதிகாலைப் பார்த்தேன். பதினெட்டு வருஷமாக இந்த ஐஸ் ரிங்க் கவுன்டரில் நின்று, வருகிறவர்களின் செருப்பை வாங்கி வைத்துக்கொண்டு ஸ்கேட் எடுத்துக் கொடுக்கிறவன் நான், முகத்தைப் பார்க்காமலே அளவு சொல்வேன். முஆத் ஒவ்வொரு அடி எடுக்கும்போதும் குதிகால் ஸ்கேட் பூட்ஸுக்குள் மேலே ஏறி இறங்குகிறது, கால் ஒரு பக்கம் போக பூட்ஸ் ஒரு பக்கம் போகிறது. வீடியோ தொடங்கும்போது நீ பெஞ்சில் உட்கார்ந்து அவனுக்குச் சாக்ஸ் மாட்டுகிறாய், ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று. அதைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஸ்கேட் பெரிதென்று உனக்குத் தெரியும். வாப்பா வாங்கிக் கொடுத்தது, சொன்னால் மனம் நோகும் என்று மூன்று சாக்ஸில் மூடி வைத்திருக்கிறாய்.

அந்தப் பாவம் என்னுடையதுதான் மகளே. கோடை லீவில் நீங்கள் ஊருக்குப் போய்த் திரும்பும் வழியில் இங்கே இரண்டு நாள் தங்கினீர்களே, அப்போது ரிங்க் பக்கத்துக் கடையில் அவன் காலை என் கையாலேயே அளந்தேன். இரண்டாம் நம்பர் கச்சிதமாக இருந்தது. அவனை உன்னோடு ஐஸ்கிரீம் கடைக்கு அனுப்பிவிட்டு நான்காம் நம்பரைக் கட்டச் சொன்னேன். என்னோடு வேலை செய்கிற ஸ்ரீகாந்த் பக்கத்தில் நின்றான், என்னண்ணே, கஸ்டமருக்கு அரை சைஸ் கூட கூட்டித் தரமாட்டீங்க, பேரனுக்கு ரெண்டா என்று கேட்டான். வளர்ற புள்ளப்பா, நான் இனி எப்ப பாக்கப்போறேனோ, அதுவரைக்கும் வரட்டும் என்றேன். ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் சரியாகக் கொடுக்கிற இந்தக் கை சொந்தப் பேரனுக்குத் தப்பாகக் கொடுத்தது. வளைகுடாவுக்கு வந்தவன் எவனைக் கேட்டாலும் இதையேதான் செய்திருப்பான். அடுத்த லீவில் பிள்ளை எவ்வளவு இருக்கும் என்று காற்றில் கையை உயர்த்திப் பார்த்துத்தான் நாங்கள் சட்டையும் செருப்பும் வாங்குவோம், அன்றைக்கு அந்தப் பிள்ளை எவ்வளவு இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியாது.

உனக்கும் அப்படித்தான் வாங்கினேன். நீ நோட்டுக் காகிதத்தில் காலை வைத்துப் பென்சிலால் வரைந்து அனுப்புவாய், நான் அதற்கு மேல் இரண்டு விரல் கூட்டி ஷூ வாங்கி அனுப்புவேன், அளவு சரியாக இருக்கு வாப்பா என்று நீ பதில் எழுதுவாய். மூன்றாம் வகுப்பில் ஸ்கூல் விளையாட்டு விழா ஓட்டத்தில் உன் ஷூ கழன்று பின்னால் கிடந்ததும், நீ பாதியில் நின்று திரும்பி நடந்து போய் அதை எடுத்ததும், எல்லாரும் சிரித்ததும் எனக்கு ஆறு வருஷம் கழித்துத்தான் தெரியும், உன் உம்மா ஏதோ பேச்சில் சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு நீ எந்த ஓட்டத்திலும் சேரவில்லை. அவளுக்கு அதுலெல்லாம் ஆசை இல்ல என்று வீட்டில் சொன்னார்கள், நானும் அப்படியே எடுத்துக்கொண்டேன். முன்பக்கம் பஞ்சு அடைத்திருந்த ஷூவை ஒரு லீவில் பார்த்து நான் சிரித்தது நினைவிருக்கிறது. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ஆகையால் இந்த நாலு விஷயத்தை மனதில் வைத்துக்கொள். அந்த ஸ்கேட்டை இனி அவன் காலில் ஏற்றாதே. உள்ளூர்க் கடைக்கு அவனையே கூட்டிக்கொண்டு போ, மெல்லிய சாக்ஸ் ஒன்று போதும். வெளியே போடுகிற ஷூவின் நம்பரைச் சொல்லி வாங்காதே, ஸ்கேட் அதைவிட ஒரு நம்பராவது குறைவாகத்தான் வரும். லேஸ் கட்டுவதற்கு முன் காலை முன்னுக்குத் தள்ளச் சொல், குதிகாலுக்குப் பின்னால் உன் சுண்டுவிரல் நுழைந்தால் போதும், வளருவதற்கு அவ்வளவு இடம்தான் கொடுக்கலாம். பிறகு குதிகாலைப் பின்னால் தட்டி உட்கார வைத்து லேஸ் கட்டி எழுந்து நிற்கச் சொல், நேராக நின்றால் விரல் நுனி முன்பக்கத்தை லேசாகத் தொட வேண்டும், முழங்காலை மடக்கினால் விலக வேண்டும், குதிகால் அசையவே கூடாது. கணுக்கால் மடியும் இடத்தில் லேஸை நன்றாக இழுத்துக் கட்டு. அடுத்த சீசனுக்குப் பத்தாமல் போகுமே என்று யோசிக்காதே, அங்கே கிளப்புகளில் சின்னதாகிப்போன ஸ்கேட்டைக் கொடுத்து மாற்றிக்கொள்வார்களாம், ரிங்க்குக்கு வருகிற கனடாக்காரர் ஒருவர் சொன்னார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை காலை அளந்து பார். டாக்டர் தேதியை ரத்து செய்ய வேண்டாம், ஆனால் அதற்கு முன் சரியான ஸ்கேட்டில் அவனை ஒரு தடவை ஐஸில் இறக்கிப் பார்த்துவிடு. மாப்பிள்ளையிடமும் இந்த மாதம் முடியும்வரை பொறுக்கச் சொல்.

நானே வாங்கி அனுப்பியிருப்பேன், நேற்று கடை வாசல்வரை போய்விட்டேன். அவன் கால் இல்லாமல் வாங்கினால் என் கை மறுபடியும் கூட்டித்தான் எடுக்கும் என்று தோன்றியது, திரும்பி வந்துவிட்டேன். இவ்வளவு தெரிந்த நன்னா நான் இங்கே இருக்க, பேரன் காலை வேறு யாரோ ஒரு கடைக்காரர் அளக்கப்போகிறார், அது எனக்கு வலிக்கத்தான் செய்கிறது. இருந்தாலும் அவர் முன்னால்தானே அவன் உட்கார்ந்திருப்பான்.

தனியாகப் படி என்று மேலே எழுதினேன், எழுதி முடிக்கும்போது மனம் மாறிவிட்டது. இதை முஆதுக்கு வாசித்துக் காட்டு, புரியாத இடத்தை இங்கிலீஷில் சொல். உன் கால் நல்ல கால், ஸ்கேட்தான் தப்பு, அதை வாங்கியது நன்னா என்று சொல். அவன் என்மேல் கோபப்பட்டால் படட்டும். உம்மாவுக்கு மருந்தை நினைவுபடுத்த மறக்காதே. அல்லாஹ் உங்கள் மூவருக்கும் நீண்ட ஆயுளும் உடல் சுகமும் தருவானாக, வழுக்காத பாதையில் நடத்துவானாக. உன்னிடம் இருபத்தைந்து வருஷம் முன்னால் சொல்லியிருக்க வேண்டியதை இப்போதாவது சொல்கிறேன் பாஹிமா, நீ ஓடத் தெரியாத பிள்ளை இல்லை.

உன் வாப்பா
கலீலுர் ரஹ்மான்