குறிப்பில் ஏறாத கேள்வி

அன்புள்ள பெரியவளுக்கு,

அம்மா எழுதுகிறேன். உன் சித்தியைத் தவிர இங்கே எல்லாருக்கும் உடம்பு நன்றாகவே இருக்கிறது, மனசுதான் மாடிக்கு ஒரு கட்சியாக, கீழ்வீட்டுக்கு ஒரு கட்சியாகக் கிடக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருப்பதைப் போனில் கேட்டுத் தெரிந்துகொண்டேன், ஆனால் நான் சொல்ல நினைத்ததைப் போனில் சொல்ல முடியவில்லை, போனை எடுத்தாலே உன் அப்பா பக்கத்தில் வந்து நின்று காதைத் தீட்டிக்கொள்கிறார். அதனால் அலுவலக மதிய இடைவேளையில் உட்கார்ந்து எழுதுகிறேன். தேர்தல் முடிந்து மூன்று வருஷம் ஆகிறது. ஜெயித்தவரும் தோற்றவரும் போன மாதம் ஒரே கல்யாணத்தில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து சிரித்துப் பேசிவிட்டுப் போனார்கள். அவர்களுக்காகச் சண்டை போட்ட உன் அப்பாவும் சித்தப்பாவும் மட்டும் இன்னும் பேசிக்கொள்வதில்லை. மோட்டாரை நிறுத்தச் சொல் என்று உன் அப்பா கூரையைப் பார்த்துச் சொல்வார், நான் முட்டி வலியோடு படியேறிப் போய்ச் சொல்வேன். தொட்டி இன்னும் நிறையவில்லை என்று உன் சித்தப்பா தரையைப் பார்த்துச் சொல்வார், நான் படியிறங்கி வருவேன்.

என் வேலை உனக்குத் தெரியும். பதினெட்டு வருஷமாக நகராட்சி அலுவலகத்தில் கூட்டக் குறிப்பு எழுதுகிறேன் என்று பெயர், உண்மையில் நான் செய்வது வசவை மரியாதையாக மாற்றுகிற வேலை. உனக்கெல்லாம் வெட்கமே கிடையாதா என்று ஒருவர் கத்தினால், பொதுமக்களில் ஒருவர் தமது ஆதங்கத்தைத் தெரிவித்தார் என்று எழுதுவேன். தண்ணீர் பாட்டில் பறந்து போய்ச் சுவரில் பட்டால் சற்றுச் சலசலப்பு ஏற்பட்டது. ஆறு பேர் ஒரே நேரத்தில் கையை ஓங்கினால் விவாதம் விறுவிறுப்பாக நடைபெற்றது. போன மாதம் ஒரு புதன்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு, அலுவலக மாடி மண்டபத்தில், நம் பகுதி மன்ற உறுப்பினர் மக்களின் குறைகளைக் கேட்க வந்தார். மண்டபத்தின் இடப்பக்கம் உன் அப்பாவின் ஆட்கள், வலப்பக்கம் உன் சித்தப்பாவின் ஆட்கள், எந்தப் பக்கமும் இல்லாத நாலு பேர் பின்னால் குடிதண்ணீர்ப் பானைப் பக்கம் நின்றார்கள். குறை உண்மையிலேயே அந்த நாலு பேருக்குத்தான் இருந்திருக்கும், கடைசி வரை அவர்களுக்கு மைக் போகவில்லை. உறுப்பினர் உன் சித்தப்பாவின் கட்சி, அதனால் அவர் இருமினாலும் வலப்பக்கம் கைதட்டியது, இடப்பக்கம் ஊளையிட்டது.

ஆறாம் நம்பர் பஸ் நின்றுபோனதை உனக்கு எழுதியிருந்தேன். உன் சித்தி வாரத்தில் மூன்று நாள், திங்கள் புதன் வெள்ளி, பெரிய ஆஸ்பத்திரிக்கு டயாலிசிஸுக்குப் போவது அந்த பஸ்ஸில்தான். இப்போது இரண்டு வண்டி மாற வேண்டியிருக்கிறது, திரும்பி வரும்போது ரயில்வே கேட் பக்கத்தில் ஒரு சிமெண்ட் பெஞ்சில் ஒரு மணி நேரமோ ஒன்றரை மணி நேரமோ, வீங்கின கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். உன் சித்தப்பா கூடப் போவதில்லை. தன் கட்சி ஆட்சியில் பஸ் நின்றுபோகவில்லை என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டவர், பஸ் வராத நிறுத்தத்தில் போய் நின்றால் எவனாவது பார்த்துவிடுவானே. அப்படிப்பட்ட கொள்கை.

உன் அப்பா அன்றைக்குக் காலையிலிருந்தே தயாரானார். பஸ்ஸைப் பற்றி நானே கேட்கப் போகிறேன் என்று கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை பார்த்து, சவரம் செய்யும்போது கன்னத்தைக் கீறிக்கொண்டு, பஞ்சு ஒட்டின முகத்தோடு வந்து உட்கார்ந்தார். ஆளுக்கு இரண்டு நிமிஷம், முடிந்ததும் மணி அடிப்போம் என்று சொல்லியிருந்தோம். இவர் அந்தக் கட்சி பிறந்த கதையிலிருந்து தொடங்கினார், உறுப்பினரின் மாமனார் வரைக்கும் வந்தார், ‘பஸ்’ என்று வாயைத் திறக்கும்போது மணி அடித்துவிட்டது. உடனே உன் சித்தப்பா எழுந்து, பஸ் தாராளமாக ஓடுகிறது, நேற்றுக்கூடத் தன் கண்ணால் பார்த்ததாக ஒரே போடாகப் போட்டார். வலப்பக்கம் கைதட்டல். நானும் எழுதினேன்: பேருந்து இயங்குவதாக ஒருவர் தெரிவித்தார். அந்த வரியை எழுதி முடிக்கும்போது மேஜை மேல் என் போன் ஒளிர்ந்தது. உன் சித்தி அனுப்பியிருந்தாள், அக்கா வண்டி இன்னும் வரவில்லை, லேட்டாகும், அவரிடம் சொல்லாதீர்கள், கவலைப்படுவார் என்று. எனக்கு அழுகையா கோபமா என்று தெரியவில்லை, இரண்டும்தான். பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

"ஆறாம் நம்பர் பஸ் எட்டு மாசமா ஓடல. இப்ப பேசினாரே, இவரோட சம்சாரம் இந்த நிமிஷம் ரயில்வே கேட் பெஞ்சுல உட்கார்ந்து வண்டிக்குக் காத்துக்கிட்டிருக்காங்க. பஸ்ஸை எப்ப விடுவீங்க?" என்று கேட்டேன். மேஜையே எழுந்து பேசினது போல எல்லாரும் பார்த்தார்கள். உன் சித்தப்பா மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார். உறுப்பினர் நான் எந்தப் பக்கம் என்று இடமும் வலமும் பார்த்தார், பக்கம் கிடைக்காததால் வேறு வழியில்லாமல் பதில் சொல்லிவிட்டார்.

"வர்ற ஒண்ணாம் தேதியிலேர்ந்து காலையில ஆறு மணிக்கும் சாயங்காலம் நாலு மணிக்கும் ஓடும்மா. இது என் வாக்கு."

இரண்டு பக்கமும் கைதட்டினார்கள். நான் உட்கார்ந்தேன், அடுத்து ஒருவர் சாக்கடை பற்றிப் பேச எழுந்தார், பேனாவைத் திறந்து சாக்கடையை எழுதினேன். கூட்டம் முடிந்ததும் வழக்கம்போல ஒவ்வொரு பக்கத்திலும் உறுப்பினர் கையெழுத்துப் போட்டார். கையெழுத்து விழுந்த பிறகு ஒரு எழுத்துக்கூடச் சேர்க்கக் கூடாது. மறுநாள் காலையில் தட்டச்சு செய்ய உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, என் கேள்வியும் இல்லை, அவர் வாக்கும் இல்லை, பேருந்து இயங்குவதாக ஒருவர் தெரிவித்தார் என்பதற்கு அடுத்த வரி சாக்கடைதான். கேள்வி கேட்டவளே குறிப்பும் எழுத வேண்டியவள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை, பார்த்துக்கொள்.

ஒன்றாம் தேதி வந்தது, பஸ் வரவில்லை. உறுப்பினரின் உதவியாளருக்குப் போன் செய்தேன். அந்தப் பையன் குழைந்து குழைந்து, குறிப்பில் அப்படி எதுவும் இல்லையே அம்மா, குறிப்பில் இல்லாதது நடக்காததற்குச் சமம் என்று நீங்கள்தானே எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தீர்கள் என்றான். பதினெட்டு வருஷமாக எத்தனை பேரை அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லி வாசலோடு அனுப்பியிருக்கிறேன் தெரியுமா. என் வாக்கியமே என் வாயை அடைத்துவிட்டது.

ஆனால் விதியில் ஒரு சந்து உண்டு, அதுவும் எனக்குத்தான் தெரியும். கூட்டத்தில் இருந்த இரண்டு பேர், கேட்டவள் நான் நீங்கலாக, விடுபட்டது இன்னது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் அடுத்த கூட்டத்தில் குறிப்பைத் திருத்தியே ஆக வேண்டும். படிவத்தை எடுத்துக்கொண்டு அலைந்தேன். இடப்பக்கத்து ஆட்கள் கேள்வியைக் கேட்டது உன் அப்பாதான் என்று சத்தியம் செய்தார்கள். வலப்பக்கத்து ஆட்கள், யாரும் கேட்கவே இல்லை, உறுப்பினர் தானாகவே மனமிரங்கி அறிவித்தார் என்றார்கள். நான் கேட்டதாகக் கையெழுத்துப் போட யாரும் வரவில்லை. பானைப் பக்கம் நின்ற நாலு பேரையும் தேடினேன், அகப்படவில்லை. கடைசியில் வீட்டிலேயே இரண்டு சாட்சி இருக்கிறதே என்று கேட்டேன். அவன் பக்கத்தில் என் கையெழுத்தா என்றார் உன் அப்பா. கட்சிக்கு விரோதமாக எப்படி அண்ணி என்றார் உன் சித்தப்பா. சரி, இன்றோடு தூது போவது நின்றது என்று இருவரிடமும் சொல்லிவிட்டேன். நாலு நாள் நான் படியேறவில்லை. மோட்டாரை யாரும் யாரையும் நிறுத்தச் சொல்லவில்லை, தொட்டி வழிந்து தண்ணீர் படியிறங்கி உன் அப்பாவின் செருப்பு இரண்டும் வாசல் வரை மிதந்து போயின. இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு துடைப்பத்தோடு, அவர் மேல்படியும் இவர் கீழ்ப்படியும், ஒரு வார்த்தை பேசாமல் தள்ளினார்கள். நான் உள்ளே உட்கார்ந்து சிரித்தேன்.

அதற்கு மறுநாள் வெள்ளிக்கிழமை. உன் சித்தப்பா யாரிடமும் சொல்லாமல் சித்தியோடு ஆஸ்பத்திரிக்குப் போனார். போகும்போது இரண்டு வண்டி, வரும்போது அந்த பெஞ்சு. ஒன்றே முக்கால் மணி நேரமாம், பாதியில் சித்தி அவர் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாளாம். வந்ததும் கால்கூடக் கழுவாமல் நேரே நம் சமையலறைக்கு வந்து நின்றார்.

"அண்ணி, அந்தப் பேப்பரைக் குடுங்க" என்றார்.

அவர் கையெழுத்துப் போட்டதைப் பார்த்துவிட்டு உன் அப்பாவும் வந்தார், ஆனால் அவனுக்குக் கீழே போடமாட்டேன் என்று ஒரே பிடிவாதம். ஸ்கேலை வைத்து அந்தக் கையெழுத்துக்கு இரண்டு பக்கமும் கோடு போட்டுக் கொடுத்தேன். இடப்பக்கம் தனக்கு வேண்டும் என்றார், கொடுத்தேன். படிவத்தில் கேள்வி கேட்டவர் என்று ஒரு கட்டம் இருக்கிறது, என் பெயரை நானே எழுதக் கூச்சப்பட்டு அதைக் காலியாக விட்டிருந்தேன். உன் சித்தப்பா அதில் ‘என் அண்ணி’ என்று எழுதியிருந்தார். உன் அப்பா சும்மா இருப்பாரா, அதற்கு முன்னால் இடுக்கி இடுக்கி ‘என் மனைவி’ என்று எழுதினார். விதிப்படி அதெல்லாம் செல்லாது, பெயர்தான் எழுத வேண்டும். அதனால் அவர்கள் எழுதினதை அடித்துவிட்டு மேலே என் பெயரை எழுதினேன். மெல்லிசாக, படிக்கிற மாதிரிதான் அடித்திருக்கிறேன். வருகிற புதன்கிழமைக் கூட்டத்தில் அதை நான்தான் உரக்க வாசிக்க வேண்டும், உறுப்பினர் அங்கேதான் உட்கார்ந்திருப்பார்.

நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் உன் அப்பா அனுப்புகிற அரசியலுக்கெல்லாம் கட்டைவிரலை நீட்டாதே, எத்தனை விரல் என்று உன் சித்தப்பா எண்ணுகிறார். இன்னொன்று, இதை மறந்துவிடாதே. பஸ் வரும் வரைக்கும் திங்கள் புதன் வெள்ளியில் இங்கத்து நேரம் சாயங்காலம் நாலு மணிக்கு உன் சித்திக்கு ஒரு போன் போடு. அந்த பெஞ்சில்தான் இருப்பாள். அரசியல் வேண்டாம், குழந்தை என்ன சாப்பிட்டது, என்ன பேசியது என்று ஏதாவது சொல்லிக்கொண்டிரு, வண்டி வருகிற வரைக்கும்.

இப்படிக்கு,
கூட்டத்தின் நடுவே பேசின உன் அம்மா