வறட்சியில் பச்சையாக நின்ற மூலை

மார்ச் 3

என் வீட்டுக்காரருக்கு,

வேலை விஷயமாகத்தான் எழுதுகிறேன். போன கோடையில் விமானத்திலிருந்து எடுத்த படங்கள் எங்கள் நில அளவை அலுவலகத்துக்கு வந்துள்ளன. நம் வயலும் அதில் இருக்கிறது. மற்ற பயிரெல்லாம் வெளுத்துக் கிடக்க, அங்கங்கே வட்டமாகக் கரும்பச்சை. எந்தக் காலத்திலோ சுண்ணாம்புக்கல் தோண்டி, குப்பையைக் கொட்டி மூடிய குழிகள். மண் இளகியிருப்பதால் ஈரம் தங்கிப் பயிர் செழிக்கிறது. ஒரு வட்டத்தின் நடுவே பள்ளம். நம் சின்னவன் டிராக்டரோடு புதைந்துபோன இடம்.

தரையில் நின்று பார்த்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. உங்கள்மேல் தப்பில்லை.

இன்னொரு வட்டத்தில் பாதிதான் தெரிகிறது. மீதி வீட்டின் பின்னறைக்கு அடியில் போகிறது. தயவுசெய்து அங்கே படுக்காதீர்கள்.

சின்னவனின் அம்மா


மார்ச் 11

கண்ணாடிக்காரிக்கு,

ஆகாயத்திலிருந்து பார்த்தாலாவது என் பக்கம் நியாயம் தெரிந்ததே, சந்தோஷம்.

உனக்குத் தெரியாதது ஒன்று உண்டு. அன்று அவன் புதைந்த அந்த மூலையை நான் உழுவதாக இருந்தது. "எப்பப் பாரு கல்லுக் காட்டையே என் தலையில கட்டுறீங்கப்பா, முதலாளி மட்டும் மெத்தையில உழுவாரா?" என்று கேலி செய்தான். வறட்சியிலும் பச்சையாக நிற்கிற மண்ணாயிற்றே, பிள்ளைக்கு இடுப்பு வலிக்காது என்று மாற்றிக் கொடுத்தேன். நல்ல இடம் என்று பார்த்துத்தான் கொடுத்தேன்.

பின்னறை அவனுடையது. அங்கேதான் படுக்கிறேன்.

உன் வீட்டுக்காரன்


மார்ச் 16

என்னங்க,

கட்டிலை இன்றே கூடத்துக்கு இழுத்துப் போடுங்கள். உங்களையும் அந்த மண்ணுக்குக் கொடுக்க என்னால் முடியாது. சனிக்கிழமை மாலைப் பேருந்தில் வருகிறேன். இனி ஒரு சொல் குத்திப் பேசமாட்டேன். பெற்றவர்கள் இரண்டு பேர் ஏன் இரண்டு ஊரில் உட்கார்ந்து அழ வேண்டும்?

உங்கள் கண்ணாடிக்காரி


மார்ச் 20

கண்ணாடிக்காரிக்கு,

கட்டிலை மாற்றிவிட்டேன், பயப்படாதே. ஆனால் நீ வர வேண்டாம்.

"பாத்து அனுப்பத் தெரியாதா?" என்று நீ கத்திவிட்டுப் போன நாளிலிருந்து, கலப்பை பிடிக்கும்போதும் சாப்பிடும்போதும் மனசுக்குள் உன்னோடு வழக்காடிக்கொண்டே இருந்தேன். எனக்கு எப்படித் தெரியும், எனக்கு எப்படித் தெரியும் என்று. அதில்தான் பொழுது போனது. இப்போது நீயே ஒத்துக்கொண்டாய். வழக்காட எதிரே ஆளில்லை. ஏன் மாற்றிக் கொடுத்தாய் என்று நான் மட்டும் என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அப்படிக் கேட்கிற என் முகத்தை நீ பார்க்க வேண்டாம். சனிக்கிழமை பேருந்து நிறுத்தத்துக்கு நான் வரமாட்டேன்.

சின்னவனின் அப்பா