ஆனி மழையில் கமகுரா

1996 மாசி 11, ஞாயிறு

இன்று முழுக்க மகள் வீட்டில் ஒரே வாக்குவாதம். மகன் ஜப்பானில், கமகுரா என்ற பழைய கடலோர ஊரில் வேலை செய்கிறான். அவனைக் கண்டு ஒன்பது வருடம். நான் எந்த மாதம் போவது என்பதுதான் சண்டை.

சித்திரையில் பூப் பூக்குமாம், பெரிய புத்தர் சிலையோடு படம் எடுக்கலாமாம் என்றாள் மகள். மருமகன் கார்த்திகை என்றார், இலையெல்லாம் சிவக்குமாம்.

கேட்டுக் களைத்துப்போய் அறைக்கு வந்து மகனின் கடிதத்தை எடுத்தேன். வந்த அன்று மகள்தான் வாசித்துக் காட்டினாள். இன்று நானே எழுத்துக்கூட்டி வாசித்தேன். தேத்தண்ணி ஆறிப்போனது. இரண்டாம் பக்கத்தில் அவள் வாசிக்காத வரி ஒன்று இருந்தது.

"எனக்கு ஆனியில் மட்டும்தான் பத்து நாள் லீவு, அப்பா."

மகளிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

"ஆனியில அங்க ஒரே மழை அப்பா. சளி பிடிச்சா ஆர் பாக்கிறது? அதுதான் சொல்லேல்லை."

"நாப்பது வருசம் கடல்ல நனைஞ்சவனை மழையைக் காட்டி வெருட்டுறியோ?"

மருமகன் சிரித்துவிட்டார்.

"உங்களை வாசிப்பு வகுப்பில கொண்டுபோய் விட்டது என்ர பிழை" என்றாள் மகள்.

பிறகு மகனுக்கு எழுதினேன். ஆனியில் வாறன், லீவை மாத்தாதை. இரண்டே வசனம், கை உளைகிறது. கண்ணும் சொருகுகிறது. விடிய, வெளியே கொட்டிக்கிடக்கும் பனிக்குள் நடந்துபோய்ப் பிளாசா கடைத்தொகுதி வாசல் தபால் பெட்டியில் நானே போடுவேன். மகளிடம் கொடுத்தால் மாதம் மாறினாலும் மாறிவிடும்.