ஊர்ப் பெயர் இல்லாத புட்டி

சோலாஞ்ஜ்,

உன் அக்கா வீட்டில் குளிர் அதிகமாமே. உன் நீலக் கம்பளிச் சட்டையை இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

இங்கே உன்னை யாரும் குறை சொல்லவில்லை. புட்டியில் ஊர்ப் பெயர் போட ஒயினுக்குத் தகுதி உண்டா என்று ருசி பார்க்கும் குழுவில் கோப்பைக்கு எண் மட்டும்தானே உண்டு? "வெந்த பழ வாசனைதான் வருது. யாரு செஞ்சாங்களோ, இது நம்ம மண்ணே இல்ல" என்று நீ சொன்னது சரிதான். நானாக இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். எண்ணுக்குரிய சீட்டைப் பிரித்துப் பார்த்தபோது நம் பெயர் வந்ததற்கு நீ என்ன செய்வாய்?

அறுவடை வந்தது நம் பையன் பாஸ்தியானை அடக்கம் செய்த வாரம். யார் போய்த் திராட்சை பறிப்பது? வெயிலில் கொடியிலேயே வெந்துவிட்டது.

பக்கத்துத் தோட்டத்து ஃபெர்னான், "குழுவுக்குக் காரணத்தச் சொல்லி எழுதிப் போடுடா, விட்டுருவாங்க" என்கிறான். காரணம் நாக்குக்குத் தெரியுமா?

இனி அது வெறும் பிரெஞ்சு ஒயின். புட்டியில் நம் ஊர்ப் பெயரைப் போடக்கூடாது. போகட்டும்.

பாஸ்தியானின் கல்லறைக் கல் வந்துவிட்டது. அவன் பெயருக்குக் கீழே ஊர்ப் பெயரையும் வெட்டச் சொன்னேன். வந்து பார். அவனை நம்ம மண்ணு இல்லைன்னு எந்தக் குழுவும் சொல்ல முடியாது.

உன் கணவன்