நாற்பத்தொரு வாக்கியங்கள்

9 செப்டம்பர் 2024

"ஒரு நாளைக்கு வீட்ல என்னென்ன பேசுவீங்க?" என் மனைவி விஜிலாவின் தொண்டை அறுவை சிகிச்சைக்கு முன், பேச்சுப் பயிற்சியாளர் எங்கள் இருவரிடமும் கேட்ட கேள்வி. முப்பத்தேழு வருடம் கூடவே வாழ்ந்தும் எனக்குப் பதில் தெரியவில்லை. அவள் நான்கு மாலைகள் உட்கார்ந்து அறுநூற்றுப் பன்னிரண்டு வாக்கியங்களைப் பேசிப் பதிந்தாள். இப்போது குரல் இல்லை. மடிக்கணினியில் ஒரு படத்தைத் தொட்டால், செயலி அவளுடைய பழைய குரலில் பேசும்.

இன்று வாசலில் மீன்காரம்மா. விஜிலா "சாளை இருக்கா" என்பதைத் தொட்டாள். குரல் வருவதற்குள் அந்த அம்மாள் அடுத்த தெருவுக்குப் போய்விட்டாள். சி டிரைவ் நிரம்பிவிட்டது, அதுதான் சுணக்கம்.

10 செப்டம்பர்

டி டிரைவ் காலியாகக் கிடக்கிறது. குரல் ஃபோல்டரை அங்கே மாற்றினால் போதும். வகுப்பில் பெஞ்சு நிறைந்தால் நாலு பேரைப் பின்பெஞ்சுக்கு அனுப்புவது போல. இதற்குப் போய் யாரைக் கேட்பது?

11 செப்டம்பர்

எப்படி எழுதுவது?

விஜிலா 'வீடு' என்ற பக்கத்தைத் திறந்துவைத்திருந்தாள். நான் செயலியை மூடாமலே ஃபோல்டரை நகலெடுத்தேன். நடுவில் நின்றது: இந்தக் கோப்பு பயன்பாட்டில் இருக்கிறது, என்ன செய்ய? ஸ்கிப் அழுத்தினேன், எல்லாவற்றுக்கும் சேர்த்து. முப்பத்துநான்கு வருடம் வாத்தியாராக இருந்து பரீட்சைக்கு முன்னால் பிள்ளைகளுக்குச் சொன்னது அதுதானே — வராத கணக்கை விட்டுட்டு அடுத்ததுக்குப் போ, கடைசியில் திரும்பி வா.

நான் திரும்பி வரவில்லை. வகுப்பு முடிந்ததும் கரும்பலகையை அழிக்கிற பழக்கத்தில், செயலியை மூடி, பழைய ஃபோல்டரை அழித்து, குப்பைத் தொட்டியையும் காலி செய்துவிட்டேன்.

செயலியைத் திறந்தால் ஒன்றுமே இல்லை. விஜிலா தொட்டாள். மறுபடி தொட்டாள். நோட்டை எடுத்து எழுதினாள்: "என்ன செஞ்சீரு?"

போனை எடுத்து, கணினி தெரிந்த பழைய மாணவி ஒருத்தியைக் கூப்பிட்டேன்.

12 செப்டம்பர்

என்னிடம் பத்தாம் வகுப்பு படித்த ஜெபிஷா வந்தாள். துறைமுகத்தில் ஒரு கன்டெய்னர் கம்பெனியில் கணினிப் பிரிவைப் பார்க்கிறாள்.

"ஃபோல்டர் டி டிரைவுல பத்திரமாக் கெடக்கு சார். செயலி இன்னும் பழைய எடத்துலயே தேடுது. பெட்டிய வேற யார்டுக்கு மாத்திட்டு, கிரேன்காரர்ட்ட சொல்லாம விட்டுட்டீங்க."

செட்டிங்ஸில் புது இடத்தைக் காட்டினாள். குரல் வந்தது! விஜிலா அவள் கன்னத்தைக் கிள்ளினாள். பிறகு ஜெபிஷா எண்ணிப் பார்த்தாள். ஐந்நூற்று எழுபத்தொன்று.

"நடுவுல ஸ்கிப் குடுத்தீங்களா சார்?"

"குடுத்தேன்."

"சேசுவே! வேற எங்கயும் காப்பி இருக்கா?"

இல்லை. அழிந்ததை மீட்க மூன்று மணி நேரம் முயன்றாள். "வரல சார்" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

13 செப்டம்பர்

போன நாற்பத்தொன்றும் திறந்திருந்த 'வீடு' பக்கத்தில் இருந்தவை. காப்பி குடிச்சீரா. மாத்திர போட்டீரா. கதவப் பூட்டியாச்சா. சும்மா இரும். மீன் கடை, வங்கி, மருத்துவமனை, துக்க வீடு எல்லாம் இருக்கின்றன. என்னோடு பேசியவை மட்டும் இல்லை.

15 செப்டம்பர்

விஜிலா என்னிடம் கை மட்டும் காட்டுகிறாள். நோட்டைத் தொடுவதில்லை.

17 செப்டம்பர்

மணப்பாட்டிலிருந்து அவள் தங்கை பிளாரன்ஸ் போன் செய்தாள். "அத்தான், அந்த நாப்பத்தொண்ணையும் நான் பேசி அனுப்புதேன். எங்க ரெண்டு பேர் குரலும் ஒண்ணு போலத்தான."

ஸ்பீக்கரில் கேட்ட விஜிலா வேகமாகத் தலையாட்டி மறுத்தாள். இத்தனை நாள் தொடாத நோட்டை எடுத்து எழுதினாள்: "உம்மகிட்ட அவ ஏன் காப்பி குடிச்சீரான்னு கேக்கணும்?" அதற்குக் கீழே: "தொலைச்சது நீரு. நீரே பேசும்."

20 செப்டம்பர்

பேசினேன். அவள் எதிரில் உட்கார்ந்து திருத்தினாள். "சும்மா இரும்" என்பதை மட்டும் ஏழு தடவை. "கோவம் பத்தல" என்று எழுதிக் காட்டினாள். எத்தனை பிள்ளைகளை நான் இப்படித் திரும்பத் திரும்ப ஒப்பிக்க வைத்திருப்பேன்!

24 செப்டம்பர்

காலையில் தொட்டாள். "மாத்திர போட்டீரா?" என்று என் குரல் கேட்டது.

"போட்டாச்சுளா" என்றேன்.

அடுத்ததைத் தொட்டாள். "பொய் சொல்லாதேயும்."

எழுந்து போய்ப் போட்டுக்கொண்டேன்.

மடிக்கணினியின் மேல் ஒரு சீட்டு எழுதி ஒட்டியிருக்கிறேன்: செயலியை மூடிவிட்டு நகலெடு, புது இடத்தில் ஒன்று விடாமல் காதால் கேட்டுப் பார்க்கும்வரை பழையதைத் தொடாதே.