நாற்காலியில் ஒரு பைன் காய்

உனக்கு,

பழைய மாளிகைகளைப் பாதுகாக்கும் அறக்கட்டளையில் நம் இருவருக்குமான உறுப்பினர் அட்டையோடு நேற்று வின்டர்கோம்ப் மாளிகைக்குத் தனியாகப் போனேன். சுவரோடு படரவிட்ட பேரி மரங்களைப் பற்றித்தான் நீ முதலில் கேட்பாய். நன்றாகக் காய்த்திருக்கின்றன.

நூலக அறையில் ஒரு நாற்காலிமேல் பைன் காய் இருந்தது. இந்த மாளிகைகளில் பழம்பொருளான நாற்காலிமேல் அதை வைத்தால் ‘உட்காராதே’ என்றுதானே பொருள். ஆனால் நாற்காலி பழையதாகத் தெரியவில்லை. சந்தேகத்தோடு மண்டியிட்டு அதன் அடிப்பக்கத்தைப் பார்த்தேன். அந்த அறையின் தன்னார்வலர், பெவர்லி என்ற அம்மாள், அப்போதுதான் உள்ளே வந்தார்.

“இது எந்த நூற்றாண்டு?” என்றேன்.

“அதுவா? என் நாற்காலிம்மா, போன வருஷம் வாங்கினது!” என்று சிரித்தார். “டீ குடிக்கப் போனா யாராவது உக்காந்துடறாங்க. காயை வச்சா யாரும் கிட்ட வர்றதில்ல. மண்டி போட்டுக் கும்பிட்டது நீங்க ஒருத்தர்தான்.”

“அப்போ உட்காரக் கூடாதுன்னு இல்லையா?”

“நான் திரும்பி வருவேன்னு அர்த்தம். அவ்வளவுதான்.”

மார்ச்சில் நீ வீட்டைவிட்டுப் போனதிலிருந்து உன் நாற்காலியில் புத்தகங்களை அடுக்கியிருக்கிறேன். வேறு இடமில்லை என்று வருபவர்களிடம் சொல்லிவந்தேன்.

திரும்பும்போது மாளிகைத் தோட்டத்துப் பைன் மரத்தடியில் ஒரு காய் பொறுக்கினேன். இன்று காலை உன் நாற்காலியிலிருந்து புத்தகங்களை இறக்கிவிட்டு அதை வைத்தேன்.

அதே முகவரியிலிருந்து,
நான்