என் பேரில் ஒரு புல்

1974 டிசம்பர் 23, திங்கள். கொஸ்லந்த.

தேயிலைத் தோட்டத்துக் கோயிலில் இன்று பாலன் குடில் கட்டினோம். இயேசு பிறக்கும் நத்தார் வரைக்கும், செய்த ஒவ்வொரு நல்ல காரியத்துக்கும் குடிலின் காலித் தொட்டிலில் ஒரு மானாப்புல் போடுவது இங்கே வழக்கம்.

அக்காவுக்கு இது எட்டாம் மாதம். போன வருடக் குழந்தை உயிரில்லாமல்தான் பிறந்தது.

“காலையிலேருந்து பிள்ள அசையலடா. நீ பாரு” என்று என் கையை எடுத்து வயிற்றில் வைத்தாள். என் கைக்கு எந்த அசைவும் தெரியவில்லை. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அசையுதுக்கா” என்றேன்.

அவள் சிரித்துவிட்டாள். “கெம்பஸுக்குப் போயி சாமி இல்லன்னு வந்த வாயி, இன்னைக்குத்தான் நல்லதா ஒண்ணு சொல்லுது. இந்தா, ஒம் பேருல” என்று தொட்டிலில் ஒரு புல்லைப் போட்டாள்.

எதற்கும் ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம் என்றேன். “அதான் அசையுதே. நத்தார் முடியட்டும்டா.” எங்கள் லயத்து வீடு வரும்வரை மெதுவாகப் பாடிக்கொண்டே வந்தாள்.

இப்போது பக்கத்துக் காம்பிராவில் தூங்குகிறாள். இவ்வளவு நிம்மதியாக அவள் தூங்கிப் பல நாளாயிற்று. நான்தான் அதைக் கொடுத்தேன்.

மச்சானை எழுப்பி உள்ளதைச் சொல்லப் போகிறேன். ஆஸ்பத்திரிக்குப் போகத் தோட்டத்து லொறியைக் கேட்க இரண்டு பேராவது போக வேண்டும்.